மணி அடித்தபோது பந்தியில் இருந்தவர்கள்

அந்த வெள்ளிக்கிழமை மதியம் கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆளுங்கட்சிக் கொறடா. அவருக்கு இடப்பக்கம், இரும்புக்கடை என்று எல்லோரும் அழைக்கும் உறுப்பினர். எதிரே, எதிர்க்கட்சி உறுப்பினரான வாத்தியார். அவருக்குப் பக்கத்தில், டாக்டரான இன்னொரு உறுப்பினர். இவர்களுக்குப் பின்னால் இரண்டு கட்சி உறுப்பினர்களும் வரிசை வரிசையாக. அங்குமிங்கும் பார்வையை ஓடவிட்டபடி மாப்பிள்ளையின் தகப்பனாரான சம்பந்தி. நின்று உபசரித்துக்கொண்டிருந்தவர் பெண்ணின் தகப்பனார், ஓய்வு பெற்ற நில அளவையாளர். அவருடைய வளையாத முதுகைப் பார்த்து ஊர் அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர் வைத்திருந்தது.

அவர் தங்கை மட்டும் பந்தியில் இல்லை. அவரும் சட்டமன்ற உறுப்பினர்தான். திருமணம் முடிந்ததும் அண்ணன் மகளின் கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவைக்குப் போய்விட்டார்.

அன்று அவருடைய மசோதா ஓட்டெடுப்புக்கு வருகிறது. விற்கப்பட்ட பெண்களைப் போலீஸ் மீட்கும்போது, அந்தப் பெண்கள் மேலேயே விபசார வழக்கு எழுதுகிறார்கள். விற்றவன் ஜாமீனில் வெளியே வந்து காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்கிறான். விற்கப்பட்டவளுக்கோ அந்த வழக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்கிறது. வாடகைக்கு ஓர் அறை கிடைப்பதில்லை, ஒரு வேலை நிலைப்பதில்லை. அந்த வழக்குகளை ரத்து செய்து, தங்க இடமும் படிப்பும் கொடுக்க வேண்டும் என்பதுதான் மசோதா. திங்கட்கிழமை வந்திருக்க வேண்டியது. கல்யாணப் பத்திரிகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஓட்டெடுப்பைக் கூட்டத்தொடரின் கடைசி நாளுக்குத் தள்ளியவர் கொறடா.

உறுப்பினர்களில் ஒருவர் விடுபட்டாலும் குடும்பத்துக்குக் குறை என்று வீடு வீடாக ஏறி இறங்கி அழைத்தவர் அளவுகோல். சம்பந்தி வீட்டார் ஒரு மாதிரி, கல்யாணம் முடியும்வரை மசோதாப் பேச்சை எடுக்காதே என்று தங்கையைக் கேட்டுக்கொண்டவரும் அவரே. தங்கை அந்தச் சொல்லை மீறவில்லை.

இனிப்பு பரிமாறும்போது அளவுகோலின் கைபேசி ஒலித்தது.

"அண்ணா, மணி அடிக்கிறாங்க."

"என்ன மணிம்மா?"

"ஆள் குறைவுன்னு அடிக்கிற மணி. மணி நிக்கிறதுக்குள்ள ஆள் சேரலேன்னா அவையை ஒத்திவெச்சிடுவாங்க, மசோதாவும் போச்சு. இங்க நானு, சபாநாயகர், தூங்கிட்டிருக்கிற ஒருத்தர், அவ்வளவுதான். மிச்ச அவை பூரா உங்க பந்தியில உக்காந்திருக்கு. அனுப்பி வைங்கண்ணா. மேல பார்வையாளர் மாடத்துல அந்தப் பிள்ளைங்க வந்திருக்காங்க. என்னையே பாத்துட்டிருக்காங்க."

அளவுகோல் கொறடாவின் அருகே குனிந்தார். அவர் குனிந்து யாரும் பார்த்ததில்லை.

"தம்பி, அவையில மணி அடிக்குதாம்."

"அடிக்கட்டும்ணே, அதுக்கு வேற என்ன வேலை? உங்க வீட்டு விருந்தை மதிச்சு வந்திருக்கோம். பாதியில எழுந்தா உங்களுக்கில்ல அவமரியாதை?" பரிமாறுகிறவரைத் திரும்பிப் பார்த்தார். "இங்க இன்னும் ரெண்டு வைப்பா."

"இவர் உக்காந்திருக்கையில நான் எழுந்தா, அடுத்த தேர்தல்ல நான் இரும்பு விக்கத்தான் போகணும்" என்று இரும்புக்கடை சிரித்தார்.

வாத்தியார் இலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "நாங்க எதிர்க்கட்சி ஐயா. ஆள் சேர்க்கிறது ஆளுங்கட்சி பாடு."

அளவுகோலுக்குக் காது மடல் சுட்டது. தன் வீட்டுச் சாப்பாட்டையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒருவன் ஒளிந்துகொள்வான் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. நேரே பாட்டுக் கச்சேரி மேடைக்குப் போய்ப் பாடகரின் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"உறுப்பினர்கள் மன்னிக்கணும். சாப்பிடறவங்களை எழுப்புற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது. ஆனா, விக்கப்பட்ட பொண்ணுங்களுக்காக என் தங்கை ஒரு சட்டம் கொண்டு வந்திருக்கா. அங்க ஆள் இல்லாம மணி அடிக்குது. தெருமுனைதான். ஒரு நடை போயிட்டு வந்துடலாம். உங்க இலையை யாரும் தொட மாட்டாங்க, என் சம்சாரம் காவல் இருப்பா."

"இருக்கேன், இருக்கேன், கிளம்புங்க!" என்று அவர் மனைவி கரண்டியோடு முன்னால் வந்து நின்றார்.

சம்பந்தி பாய்ந்து வந்தார். "கல்யாண வீட்ல பேசற பேச்சா இது? சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடம்!"

"அந்தப் பொண்ணுங்களை வித்தப்போ அவங்களும் சின்னப் பிள்ளைங்கதான் சம்பந்தி."

டாக்டர் எழுந்தார். பின்வரிசையில் நாலைந்து பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் கொறடாவின் முகத்தைப் பார்த்தார்கள். கொறடா மென்றுகொண்டிருந்தார். அவர்களும் மென்றார்கள்.

எழுந்தவர்களைக் கூட்டிக்கொண்டு அளவுகோல் ஓட்டமும் நடையுமாகப் போனார். டாக்டர் கழுவாத கையைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். இந்த ஆட்களை வைத்துக்கொண்டு கணக்கு நேராகாது என்று அளவுகோலுக்குத் தெரியும். இருந்தாலும் ஓடினார். சட்டமன்றப் படிகளில் கால் வைக்கும்போதே மணி நின்றுவிட்டது.

தங்கை மசோதாக் கோப்பை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தார். மாடத்திலிருந்து இறங்கி வந்த பெண்களில், தையல் வேலை செய்கிறவள் அவர் கையைப் பிடித்தாள்.

"தோத்துட்டோமாக்கா?"

"தோக்கறதுக்காவது ஓட்டெடுக்கணும்ல, அதையே எடுக்க விடலடி. அடுத்த கூட்டத்தொடர்ல முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"நீ சாப்பிட வாம்மா" என்றார் அளவுகோல்.

"அந்தப் பந்தியிலயா?"

டாக்டர் தெருக்குழாயில் கை கழுவினார்.

இதெல்லாம் நடந்த பிறகு ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அப்படிப்பட்ட பெண்களின் சமாச்சாரம் குடும்பத்துக்கு இழுக்கு என்று அளவுகோலே உறுப்பினர்களை உள்ளே வைத்து மண்டபத்தைப் பூட்டிவிட்டாராம். மண்டபம் பூட்டப்படவில்லை. இரண்டு கதவுகளும் திறந்தே கிடந்தன. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.