மார்க்லென் பார்க்க மறுத்த வண்டி

1

இந்தக் கதை ஒரு முனகலிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ ஆழ்ந்த சிந்தனையிலிருந்து பிறந்ததாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள், நானும் மறுக்கமாட்டேன்.

நான் இருக்கும் கொச்கோர் என்ற மலைநாட்டு ஊரில் 'பழைய புர்குத் சங்கம்' என்று ஒன்று இருக்கிறது. புர்குத் என்றால் கழுகு. சங்கம் கும்பிடுவது பறவையை அல்ல, அந்தப் பெயரில் வந்த ஜீப்பை. மருத்துவம் படிக்க வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்ட என் தலையிலும் யாரோ ஒரு புர்குத்தைக் கட்டிவிட்டார்கள். அது வாசலில் நிற்கிறது, ஓடாது. உறுப்பினராவதற்கு வண்டி ஓட வேண்டும் என்று விதி இல்லை. இருந்தால் சங்கத்தில் பாதிப் பேர் தேறமாட்டார்கள்.

கம்பெனிக்காரன் புதிய புர்குத்தை வெளியிட்ட அன்று எங்கள் வாட்ஸ்அப் குழு பற்றி எரிந்தது.

"கழுகாடா இது? வாத்துடா, வாத்து!" என்றார் பல் டாக்டர் துராத். அன்றிலிருந்து அதன் பெயர் வாத்துதான்.

"கண்ணாடி எறக்க ஒரு பட்டன், கதவத் தெறக்க ஒரு பட்டன். இனிமே மூக்கு சிந்தவும் பட்டன் வெப்பானுங்க" என்றான் எசென்.

யாரோ ஒரு அப்பாவி, "சீட்டு சூடாகுமாமே, நல்லதுதானே?" என்று கேட்டுவிட்டார். அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். இன்னொருவர் வாத்தின் முன்விளக்கு அழகாக இருப்பதாக ஒப்புக்கொண்டு, உடனே அந்தச் செய்தியை அழித்துவிட்டார்.

எல்லாரையும்விட நீளமாகத் திட்டியவர் சங்கத் தலைவர் மார்க்லென்.* வண்டி ஓட்டிக்கொண்டே குரல் செய்தியாகத் திட்டினார். "அப்பன் சொத்த வித்து பொம்ம வாங்குற பசங்க..." என்பதற்கும், "...அது வண்டியில்ல, சோப்பு டப்பா" என்பதற்கும் நடுவே ஒரு சின்னச் சத்தம். "ஸ்ஸ்... ம்மா." பின்னாலேயே கியர் கடிபடும் சத்தம்.

எல்லாரும் வசவுக்குக் கைதட்டினார்கள். நான் முனகலை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். மனிதர் கிளட்சை மிதித்திருக்கிறார், இடது இடுப்பு உயிரை எடுத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். மீதியெல்லாம் நானே கட்டியது.

(* மார்க்ஸையும் லெனினையும் ஒட்டவைத்த பெயர். அந்தத் தலைமுறையில் இங்கே சகஜம். தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.)

2

தொடக்கத்துக்குப் பட்ட பாடு:

'டோலோன் கணவாயில் பனி விழுந்துகொண்டி—'

வேண்டாம். பனியில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

'மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு, ஆராய்ந்து பார்த்தால்—'

கட்டுரைக்காரன் எட்டிப் பார்க்கிறான். உள்ளே போடா.

2 (மறுபடியும்)

சரி, வழக்கத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கே புது மருமகளை முதல்முறை பார்க்கிறவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது. அவள் முகத்திரையை விலக்கினால் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். கொருந்துக் என்பார்கள். நம் கணக்கில், முகம் பார்த்த மொய். பிறந்த குழந்தைக்கும் இது உண்டு, புதுக் காருக்கும் உண்டு. தலைத்துணியோ ஒரு பொட்டலம் மிட்டாயோ, கொடுத்தது எதுவாயினும் கொடுத்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

இந்த இடத்தில்தான் மார்க்லெனுக்கு வினை வந்தது. வாத்தைப் படத்தில் பார்த்துத் திட்டலாம், படத்துக்கு மொய் கிடையாது. நேரில் பார்த்தால் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் மருமகளாக ஏற்றுக்கொண்டதாகிவிடும். அதனால் குழுவில் சபதம் போட்டார்:

"நான் உசுரோட இருக்கற வரைக்கும் அந்த வாத்த என் கண்ணால பாக்க மாட்டேன். எவனாவது என் எதுர்ல கொண்டாந்து நிறுத்தினா கண்ண மூடிக்குவேன். சொல்லிட்டேன்."

சபதத்துக்கு நூறு கட்டைவிரல்கள் விழுந்தன. அதில் ஒரு விரல் என்னுடையது.

3

இவர்கள் பூசை செய்யும் பழைய புர்குத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கக் கதவு தானாகத் திறக்கும். மழை வெளியே நின்ற பிறகும் உள்ளே பெய்யும். இத்தனையும் பெருமை. யார் அதிகம் சீரழிந்தாரோ அவர் பெரிய பக்தர். இத்தனைக்கும் சங்கத்து வண்டிகள் தார் ரோட்டை விட்டு இறங்கி வருடக்கணக்காகிறது. புதியதை ஏசுவதில் உள்ள சுகத்துக்காகவே பழையதை வைத்திருக்கிறார்களோ என்றுகூட—

(இந்த வாக்கியத்தை முடித்தால் என்னையும் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள்.)

கம்பெனிக்காரனையும் விடுவதாக இல்லை. வாத்தின் விளம்பரத்தில் ஒருவன் மலை உச்சியில் காரை நிறுத்திவிட்டுக் கண்மூடி மூச்சை இழுக்கிறான். அவன் சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை. அவன் அங்கே ஹெலிகாப்டரில் வந்திறங்கியிருப்பான்.

4

ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். புருல். கால்நடை டாக்டர், சங்க உறுப்பினர், கொச்கோரில் வாத்து வாங்கிய முதல் ஆள், மார்க்லெனின் பக்கத்துத் தெரு. முதல் வரைவில் இவளைக் கருணையின் வடிவமாக எழுதிவிட்டேன். படிக்கவே குமட்டியது. ஆகவே கொஞ்சம் கர்வம் சேர்த்தேன். வாத்தின் முன் நின்று தினமும் படம் எடுத்துக்கொள்கிறாள். மண் அப்பிய காலோடு யாரையும் ஏற விடுவதில்லை. கரடுமுரடான மலைக்கென்று செய்த வண்டியில் இவள் தரைவிரிப்பு போட்டிருக்கிறாள். இப்போது நம்ப முடிகிறது.

சங்கத்தின் கூட்டம் நாரினில். கணவாயைத் தாண்டிப் போக வேண்டும். பொருள் ஒன்றே ஒன்று: வாத்து வைத்திருப்பவரைச் சங்கத்தில் வைத்துக்கொள்வதா, துரத்துவதா? துரத்தச் சொல்லிப் பேச மார்க்லென் போகிறார். துரத்தப்பட புருல் போகிறாள். ஒரே ரோடு.

5

டோலோனில் பனியும் மழையும் கலந்து அடித்தது. (அடிக்கட்டும், தொடக்கத்தில் இல்லையே.) மேல்வளைவு ஒன்றில் மார்க்லென் கியர் மாற்றக் காலை அழுத்தினார். இடுப்பில் ஏதோ பூட்டு விழுந்ததுபோல் இறுகிக்கொண்டது. கால் பாதியில் நின்றது, வண்டியும் குலுங்கி நின்றது. மறுபடி மிதித்துப் பார்த்தார். கண்ணில் நீர் வந்ததே தவிர, கிளட்ச் இறங்கவில்லை.

வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. நாற்பது வருஷமாக ஓட்டுகிறவர். இந்தக் கால் போனால் வண்டி போயிற்று. வண்டி போனால் மார்க்லென் என்று ஒரு ஆள் இருந்து என்ன பயன் என்று அவருக்கே தெரியவில்லை. இறங்கி, பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு லாரி நின்றது.

"என்னண்ணே, வண்டி ரிப்பேரா?"

"புர்குத் ரிப்பேராவுமா? யாரப் பாத்து என்ன கேக்குற?"

"அப்ப உடம்புக்கு ஏதாச்சும்...?"

"என் ஒடம்புக்கென்ன கேடு? மலையப் பாத்துக்கிட்டிருக்கேன். போவியா."

லாரிக்காரர் அவர் பார்த்த பக்கம் பார்த்தார். மூடுபனியில் கைநீட்டினால் கை தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மார்க்லெனின் சிக்கல் உங்களுக்குப் புரிகிறதல்லவா? வண்டி கெட்டுவிட்டது என்று சொல்வது மதத்துரோகம். கால் கெட்டுவிட்டது என்று சொல்வது மானக்கேடு. மூன்றாவதாகச் சொல்ல அவரிடம் இயற்கைக்காட்சிதான் இருந்தது.

6

அடுத்து வந்த வண்டிக்குச் சத்தமே இல்லை. ஈரத்தில் டயர் உரசுவது மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"மார்க்லென் அண்ணே!"*

தலைவர் ஒரு நொடி தாமதிக்கவில்லை. மென்மயிர்த் தொப்பியை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"புருலு! வாத்தோடயா வந்திருக்க?"

"வேற எதோட வருவேன்? நல்லா மூடிக்க. மொய் செலவாயிடப் போவுது."

"நீ போ தாயி. நான் சும்மா நிக்கறேன்."

"எந்தக் கால்?"

"என்ன எந்தக் கால்?"

"நீ திரும்பறப்ப பாத்தேனே. நொண்டற குதிரைய கூட்டியாந்தா மொதல்ல இதத்தான் கேப்பேன்."

"நான் குதிரையில்ல."

"குதிரையா இருந்தா இந்நேரம் ஒத்துக்கிட்டிருக்கும்."

தொப்பியை இன்னும் கீழே இழுத்தார். பிறகு, "எடது" என்றார். அதைச் சொல்ல அவர் எவ்வளவு கூசினார் என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை.

"எவ்ளோ நாளா?"

"போன குளுருலேர்ந்து. எவன்கிட்டயும் சொல்லிடாத."

"சரி, இப்படிப் பண்ணலாம். ஒன் வண்டிய நான் எடுத்துக்கறேன். நீ இத ஓட்டிட்டு வா. இதுல கிளட்ச் இல்ல."

"செத்தாலும் மாட்டேன்."

"செத்தா தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவேன். உசுரோட இருக்கியே, அதான் ரோதனை."

"அப்ப ரெண்டு பேரும் ஒன்னோடதுலயே..." என்று இழுத்தார். தன் வாயிலிருந்து இது வந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை.

"ஒன் வண்டிய இங்கயே விட்டுட்டா? காலைல வந்தா ஸ்டெப்னிகூட இருக்காது. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. புருல் அவர் கோட்டுக் கையைப் பிடித்தாள். முகம் மூடிய மணப்பெண்ணைப் புகுந்த வீட்டுக்குள் நடத்திக்கொண்டு போவதைப்போல் சங்கத் தலைவரை நடத்திக்கொண்டு போனாள். இதை எழுதும்போது சிரித்துவிட்டேன். பாவம், சிரித்திருக்கக் கூடாது.

"பூட்ஸத் தொடச்சிட்டு ஏறு."

"ஜீப்புல ஏற எதுக்குடி பூட்ஸத் தொடைக்கணும்? இதுக்குத்தான் சொல்றது வாத்துன்னு!"

"தொட."

தொடைத்தார்.

(* அவள் உண்மையில் சொன்னது 'பைகே'. அப்படியே எழுதினால் மோட்டார் பைக்கைக் கூப்பிடுவதாகப் படிப்பீர்கள். அதனால் அண்ணே.)

7

முடிவுகள். மூன்று எழுதிக் கிழித்தேன்.

ஒன்று: கண்ணைத் திறக்கிறார், வாத்தின் அருமை விளங்குகிறது, நாரின் கூட்டத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்கிறார். இதை எழுதித் தர கம்பெனிக்காரனிடம் ஆள் இருக்கும். அவன் சம்பளத்தில் நான் கை வைக்கவில்லை.

இரண்டு: இறங்கி, நொண்டிக்கொண்டே பனியில் நடந்து, கொள்கைக்காக—

கிழித்ததோடு நிற்காமல் அடுப்பிலும் போட்டேன். இந்த முடிவுக்குக் கைதட்டப் போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். நாரினில் கணப்புக்கு அருகே உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றுகொண்டிருப்பார்கள்.

மூன்று: பாதி வழியில் வாத்து நின்றுவிடுகிறது, பழையது இழுத்துக்கொண்டு போகிறது. சங்கத்துக்கு இனிக்கும். அதனாலேயே பிடிக்கவில்லை.

முடிவு இல்லாமல் மிஞ்சியது இவ்வளவுதான்.

8

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார், தொப்பி கண்ணை மூடியபடி. இருக்கை சூடாக இருந்தது. அந்தச் சூடு இடுப்புக்குள் மெல்ல இறங்கி, இறுகிக் கிடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியது. இடது கால் பழக்கத்தில் முன்னே போய்த் துழாவியது. அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை. கால் தரைவிரிப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. வலிக்கவில்லை.

மார்க்லென் அழுதார்.

"அண்ணே, அழறியா?"

"ஹீட்டர் புகைம்மா. கண்ணு எரியுது."

"இதுல ஹீட்டர் பொகையாது."

திறந்த கதவருகே நின்ற புருல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்துப் பேசினாள். நான் சேர்த்த கர்வத்தை அந்த நேரம் எங்கே வைத்தாளோ தெரியவில்லை.

"கண்ணத் தொறந்தாலும் சபதம் கெடாதுண்ணே. உள்ள உக்காந்துட்டா வண்டி எங்க தெரியப் போவுது? ரோடுதான் தெரியும்."

"ஸ்டீரிங் தெரியுமே."

"அதுக்கு மட்டும் ஒரு மிட்டாய் குடு, போதும்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பழைய புர்குத் இருமியது, பிடித்துக்கொண்டது. முதல் கியர் விழுந்தது, பிறகு இரண்டாவது. கடிபடும் சத்தம் இல்லை. போன குளிரிலிருந்து அவர் போட்ட ஒவ்வொரு கியரும் கரகரத்தது. கியர் பெட்டி தேய்ந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. தன் வண்டி தன்னை விட்டுப் போகும் சத்தத்தை வெளியே இருந்து அவர் கேட்டதே இல்லை. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

இனி என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சங்கத்தில் இருக்கிறவன், எதை எழுதினாலும் கட்சி கட்டியதாகும். நீங்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை. அவர் கண்ணைத் திறக்க வேண்டுமா, மூடிக்கொண்டே இருக்க வேண்டுமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவருடைய பழைய வண்டி வளைவைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. சத்தம் இன்னும் கேட்கிறது. அது கேட்கும்வரைதான் உங்களுக்கு நேரம்.