இறங்காத குடை

பிராக் நகரத்தில் வழிகாட்டி வேலை பார்த்துவந்த டிராஹோமீராவின் வலது கை, ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் குடையோடு மேலே போனது. பிறகு கீழே இறங்கவில்லை. அந்த வாரம் பழைய நகரச் சதுக்கத்தில் பீர் விலை ஏறியிருந்தது. ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்ததால் கையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

தவறு அவளுடையதுதான். அங்கே வழிகாட்டிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஊரைச் சுற்றிக்காட்டி முடித்த இடத்தில் நின்று, தூக்கிப் பிடித்த குடையைத் தாழ்த்தி, "நம்ம நடை இத்தோட முடிஞ்சுது, எல்லாரும் நல்லபடியா ஊர் போய்ச் சேருங்க" என்று சொல்லிவிட வேண்டும். கொட்டும் மழையில் ஒரே ஒரு ஆள் மிஞ்சியிருந்தாலும் சொல்வார்கள். அன்று டிராஹோமீரா சொல்லவில்லை. சாஸவா ஆற்றோரம் போகும் ரயிலுக்கு நேரமாகியிருந்தது. சதுக்கத்துக் கடிகாரம் மணியடித்து, சன்னல் திறந்து, இயேசுவின் சீடர்களாகச் செதுக்கிய மரப்பொம்மைகள் வரிசையாக எட்டிப் பார்க்க, கூட்டம் முழுவதும் கைபேசியை உயர்த்திய நேரம் பார்த்து அவள் பின்பக்கமாக நழுவினாள். பழக்கதோஷத்தில் குடை மட்டும் மேலேயே இருந்தது. கரிய வாயில்கோபுரத்தருகே திரும்பிப் பார்த்தால், ஒருவரையொருவர் இடிக்காமல், பருத்த போர்த்துக்கீசியர் ஒருவரை முன்னால் விட்டுக்கொண்டு அத்தனை பேரும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அவள் நின்று, முடிக்கும் வார்த்தைகளை இப்போது சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். கை இறங்கவில்லை. ரயில் நிலையத்துக்குப் போனாள்; அவர்களும் சீட்டு வாங்கி ஏறிக்கொண்டார்கள்.

ஆற்றோரத்து மரக்குடிலில் ஓல்ட்ரிஹ் காத்திருந்தான். பெரிய மர அறுவை ஆலையில் ஆயுளில் பாதியைச் சத்தத்துக்குள் கழித்துவிட்டு, மிச்சத்தைச் சத்தமில்லாமல் கழிக்க வந்தவன். கோடை முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடு என்று அவளிடம் கேட்டிருந்தான். "பேசவே வேணாம். சும்மா இருக்கலாம்" என்றிருந்தான். நாள் முழுக்க மூன்று மொழிகளில் பேசிப் பிழைக்கிற பெண்ணுக்கு அதைவிட அழகாக யாரும் எதுவும் சொன்னதில்லை. அவள் வேண்டியதும் அது ஒன்றைத்தான்.

அவன் கதவைத் திறந்து, அவளையும் தோட்டத்தில் நின்ற கூட்டத்தையும் பார்த்தான்.

"இவங்கல்லாம் யாரு?"

"தெரியல. பின்னாலயே வர்றாங்க."

"எப்பப் போவாங்க?"

"கை எறங்கினதும் போவாங்கன்னு நெனைக்கிறேன்."

ஓல்ட்ரிஹ் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பெரிய பானையை எடுத்து உருளைக்கிழங்கும் காளானும் போட்டு சூப் வைத்தான். "உப்பு போதுமான்னு பாரு" என்றான். 

வைத்தியர் தோளை அழுத்திப் பார்த்து எலும்பில் குறையில்லை என்றார். அவர் அறையிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைக் கூட்டம் படம் பிடித்துக்கொண்டது. விடுமுறை தீர்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் நாட்டுக்குப் போனார்கள். அடுத்த தெருமுனையில் புதியவர்கள் வந்து அந்த இடத்தில் சேர்ந்துகொண்டார்கள். அவள் வேலையை விடுவதாகச் சொன்னாள், நிறுவனம் ஒப்புக்கொண்டது, மறுநாள் காலையிலும் அவர்கள் வாசலில் நின்றார்கள். ஷிஷ்கோவ் பேட்டையில் அவள் குடியிருந்த கட்டிடத்தின் படிக்கட்டில் இரவு முழுக்க அவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். கீழ்வீட்டு ஜாப்லெதலோவா அம்மாள் ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"செருப்பக் கழட்டிட்டு மாடியேறச் சொல்லும்மா. மத்தபடி நல்ல ஜனங்க. உன் பழைய புருஷன் இருந்தப்பதான் சத்தம் தாங்காது."

கூட்டம் அவளை நெருக்கியதில்லை, தொட்டதில்லை. அதைவிட மோசமானது அவர்கள் காத்திருப்பது. அவள் எங்கே நின்றாலும் அரைவட்டமாக நின்று, முகத்தைச் சற்றே மேலே தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு அவள் தொண்டைக்குள் கையை விட்டு வார்த்தைகளை இழுத்தது. டிராம் நிறுத்தத்தை விளக்கினாள். காய்கறிக் கடைத் தராசை விளக்கினாள். தன் வீட்டுக் கூரையில் விழுந்திருந்த விரிசலுக்குக்கூட ஒரு வரலாறு சொன்னாள். எல்லாவற்றையும் அவர்கள் தேவாலயத்துக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு கேட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, குடிலின் பின்புறம் விழுந்து கிடந்த ஆப்பிளை எடுக்கக் குனிந்தவள், ஒரு கணம் அதிகமாக நின்றுவிட்டாள். அரைவட்டம் கூடியது. ஓல்ட்ரிஹின் முதல் மனைவி இறந்த மறுநாள், அவளுடைய சமையலறை அங்கியைக் குழியில் போட்டு அதன்மேல் அவன் நட்ட மரம் அது. அவன் அதை ஒரே ஒரு முறை, விளக்கணைத்த பிறகு, பாதி வாக்கியங்களில் சொல்லியிருந்தான். டிராஹோமீரா அதை முழு வாக்கியங்களில், மூன்று மொழிகளிலும் சொன்னாள். அங்கியின் நிறத்தையும் சொன்னாள். அவர்கள் மரத்தைப் படம் பிடித்தார்கள். சொல்லி முடித்துத் திரும்பியபோது விறகுக் குவியலருகே கோடாலியோடு அவன் நின்றுகொண்டிருந்தான்.

"அத உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன், டிராஹா."

அவள் அந்த ஆப்பிளை மரத்தடியிலேயே திரும்ப வைத்தாள். 

"கை எறங்கட்டும்" என்றான். "அப்பறம் வா."

கை இறங்காமலே வருஷங்கள் போயின. பனி குடைமேல் விழுந்து உறைந்தது, உருகியது. தொற்றுநோய்க்காக எல்லைகளை மூடிச் சதுக்கத்தில் புறாக்கள் மட்டும் நடந்த வருஷத்தில் தப்பித்தோம் என்று நினைத்தாள். பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஜாப்லெதலோவா அம்மாளும் மூட்டுவலியோடு வசந்தம் முழுக்க நடந்தாள். "எழுவது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், பாலத்த இப்பதான் ஒழுங்காப் பாக்கறேன்" என்று குறையாகச் சொன்னாள். டிராஹோமீரா தன் வழியில் எல்லா இடத்திலும் நின்றாள், பாலத்தில் ஒரே ஒரு இடத்தைத் தவிர. சிலைகளைச் சீர்செய்ய ஒருமுறை அங்கே சாரம் கட்டியபோது, பலகை ஏற்றிவந்த வண்டியிலிருந்து ஒருவன் குரல் கொடுத்திருந்தான். "உங்க ஆடுங்களக் கொஞ்சம் ஓரமா ஓட்டும்மா, பலக எறக்கணும்." அவள், "ஆடுங்க இல்ல, ஸ்வீடன்காரங்க" என்றாள். ஓல்ட்ரிஹை அவள் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். ஆப்பிள் மரத்துக்குப் பிறகு அந்த இடம் வந்தாலே நடையை எட்டிப் போட்டாள். நின்றால் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் அவளுக்கென்று ஒன்றும் மிஞ்சாது.

ஒரு ஏப்ரல் காலை, கடிகாரத்தின் கீழே, கூட்டத்தின் கடைசியில் காட்டுக்குப் போகிறவர்கள் போடும் பச்சைத் தொப்பி ஒன்று தெரிந்தது. ஓல்ட்ரிஹ் தோளில் ஒரு பையோடு, பெயர் கொடுத்துப் பணம் கட்டிவந்தவன்போல நின்றான். அவள் கடிகாரத்தை விளக்கிக்கொண்டே போனாள். சதுக்கத்தில், தலை வெட்டப்பட்டவர்களுக்காகப் பதித்த வெள்ளைக் கல் சிலுவைகளைச் சொன்னபோது அவன் தொப்பியைக் கழற்றினான். சந்துகள் வழியாகப் பாலத்துக்கு வந்தார்கள். அந்த இடத்தில் அவள் கால்கள் தாமாகவே நின்றன.

அரைவட்டம் கூடியது. முகங்கள் மேலே உயர்ந்தன. வாய் திறந்தது. பலகை, வண்டி, வெயில், அவன் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூள், எல்லாம் பல்வரை வந்து நின்றன. ஓல்ட்ரிஹ் அவளைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாயை மூடினாள். பிரசவ வலியை அடக்குவதுபோல அடக்கினாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. அவர்கள் காத்திருந்தார்கள். ஆற்றில் படகொன்று ஒரு வளைவுக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்தது.

"இங்க என்ன நடந்துச்சுங்க?" என்று கொரியப் பெண்மணி ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

டிராஹோமீரா தலையை மட்டும் அசைத்தாள். ஏதோ அஞ்சலி போலிருக்கிறது என்று ஒருவர் தலை குனிந்தார், பிறகு எல்லோரும் குனிந்தார்கள். கை இறங்கும் என்று அந்தக் கணத்தில் அவள் நினைத்தாள். ஓல்ட்ரிஹும் நினைத்திருக்க வேண்டும், அவன் கண் குடையின் நுனிக்குப் போனது. இறங்கவில்லை.

கோட்டைப் படிக்கட்டில் ஏறும்போது, திரும்பாமலே, அத்தனை தலைகளுக்கும் மேலாக அவள் சொன்னாள். "உனக்குத்தான் கூட்டம் ஆகாதே."

"ஆடுன்னா மந்தையிலதான நடக்கணும்" என்று கடைசியிலிருந்து குரல் வந்தது.

அவன் திரும்பிப் போகவில்லை. அவள் நடையைக் குறைத்தால் எல்லோரும் குறைக்கிறார்கள், அவன் விரைந்தால் எல்லோரும் விரைகிறார்கள். ஆகவே இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு கூட்டத்தின் நீளம் இருக்கிறது. ஷிஷ்கோவ் படிக்கட்டில் செருப்பு வரிசையின் கடைசியில் அவனுடைய சேறு படிந்த பூட்ஸ் இருக்கிறது. அதை மட்டும் ஜாப்லெதலோவா அம்மாள் துடைத்து வைக்கிறாள். மற்ற வழிகாட்டிகளும் இப்போது பாலத்தின் அந்த இடத்தில் குடையைத் தூக்கிப் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டுப் போகிறார்கள். என்ன இடம் என்று கேட்டால், இங்கே நிற்பதுதான் வழக்கம் என்கிறார்கள்.