மொத்தம் எழுதாத அட்டவணை

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தங்கையாவுக்குத் தன் கையெழுத்தின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே? மலாயாவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, துரை கேட்டபடி அட்டவணை எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்த மனுஷன் அதே கையெழுத்தால், தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயத்தின் வயிற்றிலேயே அடித்தார்.

அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் உத்தரவு. பால்வெட்டப் போகிறவர்களின் வாளி, மடி எல்லாவற்றையும் கேட்டில் சோதிப்பார்கள். கறுப்புக் காப்பி மட்டும் கொண்டுபோகலாம். விடியுமுன் எழுந்து மத்தியானம்வரை மரம் மரமாய் நடக்கிற உடம்புக்கு வெறும் காப்பி எம்மாத்திரம்? யாராவது ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கை முந்தானையில் முடிந்துகொண்டு போய் மாட்டிக்கொள்வார்கள். மாட்டியவர் பெயரைக் கேட் புத்தகத்தில் எழுதுவது வழக்கம். மாட்டாமல் போனவர்களை யார் எழுதப்போகிறார்கள்?

மாதக் கடைசியில் துரை கூப்பிட்டார்.

"தங்கையா, மேல் லயமா, கீழ் லயமா, எது மோசம்? டேபிள் போட்டுக் கொண்டு வா."

தங்கையா கேட் புத்தகத்தைப் புரட்டி எண்ணினார். கீழ் லயம் பதினெட்டு பேர், மேல் லயம் ஒன்பது பேர். இரண்டு கட்டம், இரண்டு எண். துரை ஒரே பார்வைதான் பார்த்தார்.

"ரெண்டு மடங்கு! கீழ் லயத்துக்கு மூணு மாசம் அரிசி பாதி" என்றவர், "வெரி குட்" என்று தங்கையாவின் முதுகில் தட்டினார். தங்கையா பூரித்துப் போனார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள், பாதி அரிசி என்றால் எத்தனை மூட்டை என்று பார்க்க ஆள்கணக்கை எடுத்தார். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் கீழ் லயத்தில் நூற்றெண்பது பேர். மேல் லயத்தில் வெறும் நாற்பத்தைந்து.

பென்சில் அப்படியே நின்றுவிட்டது. முந்தின நாள் அட்டவணையின் நகலை எடுத்து, 'மாட்டாதவர்', 'மொத்தம்' என்று இன்னும் இரண்டு பத்தி சேர்த்தார். கீழ் லயம்: மாட்டியவர் பதினெட்டு, மாட்டாதவர் நூற்றறுபத்திரண்டு, மொத்தம் நூற்றெண்பது. பத்துக்கு ஒருவர். மேல் லயம்: ஒன்பது, முப்பத்தாறு, நாற்பத்தைந்து. ஐந்துக்கு ஒருவர்!

ஐயோ, மோசம் மேல் லயம்தானே! ஆள் நிறைய இருக்கிற இடத்தில் மாட்டுகிறவனும் நிறையத்தான் இருப்பான். சந்தைக்குப் போகிற பொம்பளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் தனக்கு உறைக்கவில்லையே என்று தங்கையாவுக்குக் காது மடல் சுட்டது. வெட்கத்தில் யாரும் பார்க்கிறார்களா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

திருத்திய தாளை மடித்துக்கொண்டு துரையின் அறைவரை போகவும் போனார். போகும்போதுதான் இன்னொன்று தோன்றியது. மேல் லயத்தின் கடைசி வீடு அவருடையது. மனைவி கோமளாவுக்கு இது ஏழாம் மாதம். இந்தத் தாள் மேஜைக்குப் போனால் பாதி அரிசி அவர் வீட்டு வாசலுக்கு வரும்.

"என்ன தங்கையா?" என்றார் துரை.

"ஸ்டோர் சாவி வேணும் சார்."

அன்று மத்தியானம் கோமளா குவித்துப் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உடம்பு சரியில்லையா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது, "சும்மா இரு" என்று எரிந்து விழுந்தார். பாவம், அவள் என்ன செய்வாள்?

சனிக்கிழமை ஸ்டோர் வாசலில் கீழ் லயமே திரண்டு நின்றது. தங்கையா பால் டின்னால் அரிசியை அளந்து போட்டார். பாதிதான் என்றதும் வரிசையில் நின்ற வீரப்பன் பையைத் தரையில் வீசினான்.

"எங்களுக்கு மட்டும் ஏன் பாதி? மேல் லயத்துக்காரன் கொண்டு போகலையா? துரைகிட்ட போவோம், வாங்க லா!"

கூட்டம் அசைந்தது. போகட்டும், போய்க் கேட்கட்டும், தன்னால் முடியாததை அவர்களாவது செய்யட்டும் என்று தங்கையாவின் மனசின் ஒரு மூலையில் ஆசை எழுந்தது.

வேலாயிதான் குறுக்கே வந்தாள். மூன்று பிள்ளைகளோடு தனியாய்ப் பாடுபடுகிற பால்வெட்டுக்காரி, அவள் சொன்னால் லயம் கேட்கும்.

"அட, சும்மா இருங்கப்பா! எழுதினது யாரு? நம்ம கிராணி. அவரு எண்ணிப் பார்க்காம எழுதுவாரா? நம்ம பக்கம்தான் தப்பு அதிகம்." பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள். "நீங்களே சொல்லுங்க தம்பி, அப்படித்தானே?"

எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. திருத்திய தாள் சட்டைப் பையில்தான் இருந்தது.

"ஆமாக்கா" என்றார் தங்கையா.

வீரப்பன் குனிந்து பையை எடுத்துக்கொண்டான். வேலாயி சட்டென்று திரும்பி, பின்னால் நின்ற தன் மூத்த மகள் மீனம்மாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அந்தப் பதினெட்டு பேரில் மீனம்மாவும் ஒருத்தி. போன மாதம் ஒரு துண்டுக் கிழங்கோடு மாட்டியவள்.

"உன்னாலதான்டி! உன்னாலதான் தம்பி தங்கச்சி பட்டினி கிடக்கப் போகுது!"

மீனம்மா அழவில்லை. அரிசிப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிராணியின் முன்னால் வந்து நின்றாள்.

"இனிமே கொண்டு போக மாட்டேங்க ஐயா" என்றாள். "மன்னிச்சிருங்க."