ஏனோக்கின் ஜீப் மேடேறிய கதை: இதுவரை எழுதியது

1

இந்தக் கதை வடகத்தில் தொடங்கியது. மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன்.

கோலார் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். [என்ன வேலை என்று கேட்காதீர்கள். கதையில் அதற்கு இடமில்லை.] சுரங்கக் காலத்து லைன் வீடு ஒன்றின் முன்னால் ஒரு ஜீப் நின்றது. வீட்டைவிட ஜீப் கம்பீரமாக இருந்தது. சேற்றைக் கடித்து ஏறும் முரட்டு டயர்கள். தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சு முட்டாமலிருக்க, கூரை உயரத்துக்கு ஒரு குழாய். அதற்கு ஸ்நார்க்கல் என்று பெயர். பள்ளத்தில் மாட்டினால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள முன்பக்கம் வின்ச். அந்த வின்ச்சின் கயிற்றை எதிரிலிருந்த வேப்பமரம் வரை இழுத்துக் கட்டி, அதில் இரண்டு லுங்கியும் ஒரு நைட்டியும் காய்ந்துகொண்டிருந்தன. கூரைமேல் கேரியரில் வெள்ளைத்துணி விரித்து வடகம். முக்காலியில் ஏறி நின்று ஒரு பெண்மணி அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வண்டி மேட்டுல பள்ளத்துல எல்லாம் போகுமாம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாதுங்க. வெயிலு நல்லா படுது" என்றார்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"நந்திதுர்க் சுரங்க ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரத்துக்குப் பின்னால் செங்கதிரோன் எழுந்தபோது, ஏனோக்கின் நான்கு சக்கரங்களும் ஒருசேர உறுமி —"

சக்கரம் உறுமாது. தவிர, சூரியன் எழும் நேரத்தில் ஏனோக் வேலைக்குப் போகிற பெங்களூர் ரயிலில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பான். அடித்துவிட்டேன்.

பிறகு இப்படி: "மனிதன் ஏன் மேடுகளை நாடுகிறான்?"

இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே பதில் தெரியவில்லை. கேள்வியை வாசகர் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் அவன் தொழிலிலிருந்து பிடித்தேன். ஏனோக்குக்கு நாற்பத்தேழு வயது. பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். அவன் தாத்தா கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் ஏறிப் பூமிக்கு அடியில் இறங்கினார். பேரன் லிஃப்ட்டில் ஏறி இருபதாவது மாடிக்குப் போகிறான். மொத்தத்தில் மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு மேலும் கீழும் போவதில்தான் பிழைப்பு. வாரத்தில் ஆறு நாள் செங்குத்தாகப் போகிறவனுக்கு ஏழாம் நாளாவது குறுக்கே போகவேண்டும் என்று ஆசை வராதா? வரும். வந்தது. பழைய ஜீப் ஒன்றை வாங்கினான்.

3

ஜீப்பை அவன் மாற்றியமைத்த கதையை முதலில் நான்கு பக்கத்துக்கு எழுதினேன். சஸ்பென்ஷனை உயர்த்தியது, டயரை மாற்றியது, அடியில் இரும்புத் தகடு போட்டது. படித்துப் பார்த்தால் மெக்கானிக் ஷெட் நோட்டீஸ் மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு அவன் மனைவி லவினா சொன்ன மூன்று வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஸ்நார்க்கல் வந்த அன்று: "இன்னாங்க இது, வண்டிக்குத் தும்பிக்கை வச்சிகினு வந்துக்கிறீங்க?"

வின்ச் வந்த அன்று: "துணி காயப்போட ஆவும்."

வண்டி அரையடி உயர்ந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை: "நான் எப்டி ஏர்றது?"

அதற்குத்தான் முக்காலி. பட்டுப்புடவை கட்டி, ஒருகையில் பைபிளும் மறுகையில் முக்காலியுமாக அவள் சர்ச் வாசலில் இறங்குவாள். ஆறு மாதம் பொறுத்தாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பாஸ்டரே முக்காலியை எடுத்துப் போட்டுக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வரும்வரை லவினா முக்காலியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.*

வந்ததும் சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கெயம இந்த வண்டிய ஒரு மேட்டுல ஏத்திக் காட்டுங்க. நான் என் கண்ணால பாக்கணும். ஏறலன்னா திங்கக்கெயம வித்துடணும். ஏறிச்சுன்னா சாவுற வரைக்கும் முக்காலி தூக்கறேன், வாயத் தொறக்கமாட்டேன்."

ஏனோக் வசமாக மாட்டிக்கொண்டான். ஏனென்றால் [இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்] அந்த ஜீப் ஒருமுறைகூடத் தார்ரோட்டை விட்டு இறங்கியதில்லை. அவனுக்குப் பயம். செம்மண்ணை வாளியில் கரைத்து, சொம்பால் மொண்டு டயரில் அடித்து, போட்டோ பிடித்து ஜீப்காரர்கள் குழுவில் போட்டுக்கொண்டிருந்தான். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

இதை எழுதியதும் ஏனோக்மேல் எனக்கிருந்த மரியாதை குறைந்தது. இப்படிப்பட்டவனை வைத்து எப்படிக் கதையை ஓட்டுவது? வேறு ஆளைப் போடலாமா என்றுகூடப் பார்த்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. ஜீப்பின் ஸ்டியரிங்கை நானும் தொட்டதில்லை. நானும் சொம்பால்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

* சி.எஸ்.ஐ. வாசகர்கள் 'பூசை' என்ற சொல்லுக்காக என்னைத் திருத்துவார்கள். ஆராதனை. சரி. என் பக்கத்து வீட்டார் கத்தோலிக்கர், அவர்கள் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

4

ஏனோக்கின் அப்பா பர்னபாஸ் இங்கே உள்ளே வருகிறார். வயது எண்பத்திரண்டு. நந்திதுர்க் சுரங்கத்தில் டோக்கன் ரூமில் வேலை பார்த்தவர். கீழே இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான், அது பலகையில் தொங்கும். ஷிஃப்ட் முடிந்தும் ஓர் ஆணி காலியாக இருந்தால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. பர்னபாஸ் மூடவில்லை. வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து, வெளியே போகிற எல்லோருக்கும் டோக்கன் வைத்திருக்கிறார். பால் வாங்கப் போனாலும் எடுத்துக்கொண்டு போகவேண்டும். எல்லா ஆணியும் நிறைந்த பிறகுதான் ராத்திரிச் சாப்பாட்டில் கைவைப்பார்.

[ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து எல்லா டோக்கனும் வந்துவிட்டன. ஒன்றைத் தவிர. அவர் மூன்று நாள் பலகைக்கு முன்னாலேயே —]

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. இது சிரிப்புக் கதை.

5

கோலார் தங்கவயல் கதை என்றால் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டில் வண்டி ஏறவேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். அங்கே போட்டோ எடுக்க வருகிறவர்கள் ஏற்கெனவே அதிகம். நான் ஏனோக்கைப் பேத்தமங்களா ஏரிக்கு அப்பால் இருக்கிற ஒரு செம்மண் மேட்டுக்கு அனுப்புகிறேன்.

ஞாயிறு மத்தியானம். ஐந்து ஜீப்புகள் வந்திருந்தன, ஏனோக்கினுடையது ஆறாவது. இந்தப் பக்கம் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கருவேலங்காட்டைச் சுற்றி, மறுபடி அதே மேட்டில் ஏறிப் புறப்பட்ட இடத்துக்கு வரவேண்டும். பர்னபாஸ் தன் பலகையோடு வந்து அதைப் புளியமரத்தில் சாய்த்து வைத்தார்.

"டோக்கன் இல்லாம ஒருத்தனும் போவக்கூடாது. போனவன் வராம அடுத்தவன் போவக்கூடாது" என்றார்.

குழுவை நடத்தும் உதய் சிரித்தான். "தாத்தா, இது இன்னா மைன்ஸா? ஜீப்பு குரு, ஜாலிக்கு."

"கேஜுல ஏறனவனும் அதான் சொன்னான்" என்றார் பர்னபாஸ்.

அதற்கப்புறம் நம்பர் பிரித்தார். ஒன்று முதல் ஐந்து வரை ஓட்டுகிறவர்களுக்கு. ஆறு ஏனோக்குக்கு. கண்ணால் பார்க்க வந்த லவினாவுக்கு ஏழு. எட்டாவது ஒன்று மிச்சமிருந்தது. அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று பேர் போனார்கள், வந்தார்கள், டோக்கனைப் பலகையில் மாட்டினார்கள். நான்காவதாகச் சிவகுமார் போனான். மேட்டின் உச்சியில் கையைத் தூக்கி ஆட்டிவிட்டு மறைந்தான். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று. வரவில்லை. போன் அடித்தால், அது உதய் கையிலேயே அடித்தது. தான் ஏறுவதை வீடியோ எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

"நாலாம் நம்பர் கீழ இருக்கான்" என்றார் பர்னபாஸ். பலகையிலிருந்த காலி ஆணியைத் தொட்டுக் காட்டினார்.

உதயும் மற்ற மூவரும் அவனைத் தேடி ஏரிக்கரைப் பக்கம் ஓடினார்கள். மிச்சமிருந்தது ஏனோக். 'அப்பாடா, இன்றைக்கு நம் முறை வராது' என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தவன் கையில் பர்னபாஸ் ஆறாம் நம்பரைத் திணித்தார்.

"மேட்டு மேல போய்ப் பாருடா."

"நைனா, நான் —"

"ஒரு ஆளு வர்ல ஏனோக்."

6

இப்போது ஏறவேண்டியது ஏனோக். எழுதவேண்டியது நான். இருவருக்கும் இது முதல் தடவை.

அவன் டயரில் காற்றை இறக்கினான். லவினா ஏழாம் நம்பரை எடுத்துக்கொண்டு, முக்காலி போட்டு ஏறி, அதையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி கம்பியைப் போட்டான். இத்தனை நாள் போட்டோவுக்காகப் படித்து வைத்ததெல்லாம் கைக்குத் தானாக வந்தது. சிவகுமார் எங்கேயாவது கவிழ்ந்து கிடப்பான், கால் மாட்டியிருக்கும், இதைத் தவிர அவன் தலையில் வேறு எதுவும் இல்லை. வண்டி மேட்டடியில் ஓடிய ஓடையில் இறங்கியது. [ஸ்நார்க்கல்வரை தண்ணீர் வந்தது என்று எழுத ஆசைதான். கணுக்கால் அளவுதான் இருந்தது.] பிறகு மூக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. கல் உருண்டது, பின்சக்கரம் ஒருமுறை சும்மா சுற்றியது, டயர் கடித்தது, மறுபடி ஏறியது. முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. உச்சி. அந்தப் பக்கம் இறக்கம். ஏறியதையே கவனிக்காமல் ஏனோக், "சிவா! டேய் சிவா!" என்று கத்திக்கொண்டே இறங்கினான்.

கருவேலங்காட்டில் சக்கரத் தடம் வளைந்து ஊருக்குள் போனது. தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் சிவகுமாரின் வீடு. வாசலில் ஜீப். உள்ளே சிவகுமார் தட்டில் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தான். சட்டைப்பையில் நாலாம் நம்பர்.

"வூட்டாண்ட வந்துட்டேன் அண்ணா, பசி. வாங்க, உக்காருங்க" என்றான்.

ஏனோக் அவனைத் திட்டியதை எழுதமாட்டேன். அந்தச் சொற்களெல்லாம் சுரங்கத்தின் கீழ்லெவலிலிருந்து வந்தவை. திட்டி முடித்ததும்தான் அவனுக்கு உறைத்தது. லவினா பக்கம் திரும்பினான்.

"லவி! ஏறிட்டேன்! பாத்தியா?"

லவினா முகத்தை அலம்பிக்கொண்டிருந்தாள். "எங்க பாத்தேன்? கீய இருந்து மேல வர்ற வரைக்கும் கண்ண மூடிகினு ஜெபம் பண்ணிகினு இருந்தேன்."

மற்றவர்கள் ஏரிக்கரையில். பர்னபாஸ் பார்த்திருப்பார் என்கிறீர்களா? டோக்கன் ஆள் ஷாஃப்ட்டைப் பார்க்கமாட்டான், பலகையைத்தான் பார்ப்பான். ஏனோக் ஏறியதற்குச் சாட்சி நானும் நீங்களும் மட்டும்தான். லவினா நம்மை எங்கே நம்பப்போகிறாள்?

7

சிவகுமாரின் மனைவி லதா விடவில்லை. கருவாட்டுக் குழம்பு. ஏனோக் ஒரு வாய் என்று உட்கார்ந்தான். லவினாவும் உட்கார்ந்தாள். 'ஆள் கிடைத்துவிட்டான், அப்பாவை வீட்டில் விட்டுவிடு' என்று உதய்க்கு முதலிலேயே போனில் சொல்லியாகிவிட்டது. இரண்டாம் சோறு போடும்போது உதய் கூப்பிட்டான்.

"அங்கிள், தாத்தா வண்டியில ஏறமாட்டேங்கறாரு. எல்லாரும் கெளம்பிட்டாங்க. நாலு கெடச்சாச்சுன்னு சொல்லிட்டேன். சரி, ஆறு எங்க, ஏழு எங்கன்னு கேக்கறாரு. பலகைய விட்டு நகரவே மாட்டேங்கறாரு அங்கிள். மத்தியானத்துல இருந்து தண்ணிகூடக் குடிக்கல."

ஏனோக் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். பித்தளை சூடாக இருந்தது.

எச்சில் கையோடு எழுந்தான். தார்ரோட்டில் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். மேட்டு வழியாகப் பத்து நிமிஷம். அவன் தார்ரோட்டுப் பக்கம்தான் பார்த்தான். பயம் திரும்பி வந்திருந்தது. இந்தப் பக்கத்து ஏற்றம் இன்னும் செங்குத்து.

லவினா அதற்குள் ஜீப்புக்குள் இருந்தாள். எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. முக்காலி சிவகுமாரின் வாசலில் கிடந்தது.

"மேட்டு வயியா போங்க" என்றாள். "மாமா நின்னுகினு இருக்காரு."

8

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: ஜீப் ஏறுகிறது, லவினா கண்ணைத் திறந்து பார்க்கிறாள், கணவன் தோளில் சாய்கிறாள். லவினா சாயமாட்டாள். கிழித்தேன்.

இரண்டு: ஜீப் பாதியில் நிற்கிறது, வின்ச்சை இழுத்தால் அதில் துணி கிளிப்புகள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே ஒரு கிழவர் தாகத்தோடு நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழித்தேன்.

மூன்று: நான் மைசூர் மைன்ஸில் பார்த்த வண்டிதான் இருக்கிறதே, ஆகவே விற்கவில்லை, சுபம். ஆனால் அன்று முக்காலியில் நின்றவர் லவினா என்று நான் எங்கே சொன்னேன்? வண்டியை வாங்கிக்கொண்டு போனவரின் மனைவியாக இருக்கலாம். வடகம் எல்லோரும்தான் போடுகிறார்கள். லவினாவின் முக்காலிதான் பேத்தமங்களாவில் கிடக்கிறதே.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு: ஜீப் மேட்டின் அடியில் மூக்கைத் தூக்கி நிற்கிறது. ஏனோக் கம்பியைப் போட்டுவிட்டான். லவினா கண்ணைப் பொத்திக்கொள்ளக் கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தினாள். கை அங்கேயே நிற்கிறது, கண்ணுக்கும் மடிக்கும் நடுவில்.

மேட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் பர்னபாஸ். மணி ஐந்தாகப் போகிறது. உதய் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே இருக்கிறான், அவர் வாங்கவில்லை. ஆறும் ஏழும் எந்நேரமும் வந்துவிடும். அந்த இருவரையும் பற்றி எனக்குக் கவலையில்லை. வந்த பிறகும் அவர் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார் என்பதுதான் என் கவலை.

உங்கள் பையைத் தொட்டுப் பாருங்கள். எட்டாம் நம்பர் உங்களிடம்தான் இருக்கிறது.