நான்காம் அறையின் தீக்காவலர்

'நீர்நாய்' என்ற தாக்குதல் நீர்மூழ்கிக் கப்பலின் நான்காம் அறையில் யாருக்கும் வயது ஏறுவதில்லை என்பது 2011 பிப்ரவரியில் தெரியவந்தது. குழாய் பொருத்துபவர் ஒருவர் முந்தின ஜூன் மாதம் கொண்டுவந்து மறந்துபோன நவாகா மீன் பொட்டலம் மின்பெட்டி ஒன்றின் பின்னால் அகப்பட்டது. பிரித்துப் பார்த்தால் மீனின் கண் பளபளத்தது, செவுள் சிவப்பாக இருந்தது. எடுத்தவர்கள் அதை வறுத்துத் தின்றார்கள்; ஒருவருக்கும் வயிறு கலங்கவில்லை. தலைநகரிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்து, வெள்ளரிக்காய், ரோஜா, கூண்டு எலி எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பத்து நாள் பார்த்தது. இரும்பும் கடிகாரமும் மின்சாரமும் வழக்கம்போல நடக்கின்றன, உயிருள்ளதும் உயிரிலிருந்து வந்ததும் மட்டும் இருந்த நிலையிலேயே நிற்கின்றன, இது பழுதுபார்க்கும் வேலைக்கு இடையூறாக இல்லை என்று எழுதி, ரகசிய முத்திரை குத்திவிட்டுப் போனது. ரகசியம் என்பதால் எங்கள் ஊர் கோர்மினோ முழுக்க அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. அந்த ஆகஸ்டில் எங்கள் பெண்கள் சதுப்பில் பறித்த மஞ்சள் பழங்களைச் சர்க்கரையில் போடாமல் நேரே கப்பலுக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

கப்பல் 2008 இலையுதிர்காலத்தில் மூன்று வருஷப் பழுதுபார்ப்புக்கு வந்தது. அணு உலையை அணைத்தார்கள், முதுகை அறுத்துத் திறந்தார்கள், நல்ல பாகங்களைக் கழற்றி அதன் தங்கைக் கப்பலுக்குக் கொடுத்தார்கள். பிறகு 'நீர்நாய்'க்குப் புதுப் பாகங்கள் வர வேண்டும். ஒவ்வொரு டிசம்பரிலும் முடிக்க வேண்டிய தேதி அட்டவணையில் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்தது. கரையில் இன்னும் இரண்டு பழைய தாக்குதல் கப்பல்கள் இதேபோல வாய் பிளந்து வரிசையில் நின்றன. பக்கத்துக் கொட்டகையில் புதிய தலைமுறைக் கப்பல்கள் பூ மாலையும் இசைக்குழுவுமாக நீரில் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வருஷம், பத்து வருஷம். வேறு கடற்கரையில் டீசல் நீர்மூழ்கி கட்டுபவர்கள், காற்று வாங்க மேலே வராமல் மூன்று வாரம் அடியிலேயே கிடக்க உதவும் இயந்திரம் அடுத்த வருஷம் வந்துவிடும் என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருவர் எங்கள் ஊருக்கு வந்து, மாலுமிகளின் மூச்சையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று நான்காம் அறையிலிருந்து ஒரு தகட்டை அறுத்து எடுத்துப் போனார்கள். வெளியே வந்ததும் அது வெறும் தகடாகிவிட்டது.

கபித்தலீனா சாவிச்னாவை ஊரில் எல்லோரும் காபா என்பார்கள். ஆறாம் நிலை வெல்டர், அதற்கு மேல் நிலை கிடையாது. அவள் பற்றவைத்துப் போட்ட பற்றில் எக்ஸ்ரே படம் ஒரு புள்ளியைக்கூடக் காட்டியதில்லை. கணவன் ரொதியோன் பழைய கப்பல்களில் ஒலிக்கருவியில் உட்கார்ந்து கடலைக் கேட்டவன், பின்னால் கப்பல் கட்டும் தளத்தில் கருவிகளைச் சோதிப்பவன். 2013 செப்டம்பரில் மாவட்ட மருத்துவமனையில் அவன் நுரையீரலைப் படமெடுத்துவிட்டு, இன்னும் மூன்று மாதம் என்றார்கள். காபா பேருந்தில் திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கப்பலின் பொறுப்பு மேலாளர் கிளிம் அவ்கூஸ்தொவிச்சின் அறைக்குப் போனாள்.

"உங்க மாமியாரோட கேக்கை ரெண்டு வருஷம் நாலாம் அறையில வெச்சிருந்தீங்க. என் புருஷனையும் வெக்கணும்."

"கேக்குக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம் காபா. ஆளுக்கு வேணுமே."

"தீக்காவலுக்கு ஒரு ஆள் எப்பவும் உள்ள இருக்கணும்னு விதி இருக்கா இல்லையா?"

விதி இருந்தது. மூன்று பேர் மாறி மாறிப் பார்த்த வேலையை ரொதியோன் ஒருவனே பார்ப்பதாக எழுதிக் கையெழுத்திட்டார் கிளிம். ரொதியோன் கம்பளிச் செருப்பும் ஒரு தலையணையுமாக இறங்கினான். அப்போது அவனுக்கு ஐம்பத்தெட்டு, காபாவுக்கு ஐம்பத்தைந்து. நோய் அன்றைக்கு இருந்த இடத்திலேயே நின்றது. இருமலும் நின்ற இடத்திலேயே நின்றது, அதாவது கூடவுமில்லை, போகவுமில்லை. பசிக்காது, ஆனாலும் மதியச் சங்கு ஊதியதும் காபா கொண்டுவரும் முட்டைக்கோஸ் சூப்பை மரியாதைக்காக நாலு கரண்டி குடிப்பான். அவள் உள்ளே இருந்த மணிகளில் அவளுக்கும் வயது ஏறவில்லை. ஆனால் மீதி நேரமெல்லாம் அவள் வெளியே கடைக்கும் பேருந்துக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. எட்டாம் வருஷம் அவள் ஏணியில் இறங்கும்போது முழங்கால் முனகுவதை ரொதியோன் கேட்டான்.

"வா கிழவி. என்னைவிட நாலு வயசு மூத்தவளை நான் கட்டியிருக்கேன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா விட்டிருக்கவே மாட்டா."

"பேசாம குடி. இளவட்டப் பையன்னா மூத்தவங்க சொன்னதைக் கேக்கணும்."

அந்த வருஷங்களில்தான் அவளுடைய பற்றுகளில் புள்ளி விழ ஆரம்பித்தது. நான்காம் அறையின் குழாய்வேலை முடியப்போகிறது என்கிற ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே படத்தில் கடுகளவு காற்றுக்குமிழி ஒன்று தெரியும். அறுத்து எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும், ஒப்புதல் நாலு மாதம். கிளிம் படத்தை விளக்கில் பிடித்துப் பார்ப்பார், காபாவைப் பார்ப்பார், கையெழுத்திடுவார். தாமதத்துக்குக் காரணம் வெளிநாட்டுப் பாகங்கள் நின்றுபோனது, தளத்தில் ஆள் பற்றாக்குறை, புதிய கப்பல்களுக்கே எல்லாக் கைகளும் போவது என்று நிபுணர்கள் பத்திரிகைகளில் எழுதினார்கள். அவையும் உண்மைதான்.

2024 ஜனவரியில் மிரோன் தலானொவ் அவள் வேலை செய்யும் இடத்துக்கே வந்தான். அந்தக் கப்பலின் தலைவன் அவன். 2009இல் இளம் அதிகாரியாக அதில் நியமிக்கப்பட்டவன், பதவி உயர்ந்து உயர்ந்து தலைவனானான். கப்பல் மட்டும் கரையைவிட்டு நகரவில்லை. வேறு கப்பல்களில் பயிற்சிக்குப் போய் வந்தானே தவிர, சொந்தக் கப்பலில் ஒரு முழம் ஆழம்கூடப் போனதில்லை. அவள் முகமூடியை நிமிர்த்தும்வரை காத்திருந்தான்.

"கபித்தலீனா சாவிச்னா, எனக்கு முப்பத்தொன்பது ஆச்சு. என் பொண்ணு ஸ்கூல்ல, அப்பா என்ன வேலைன்னு கேட்டா, 'சுவரோரமா நிக்கிறார்'னு சொல்றா."

காபா பற்றுக்கோலின் முனையைத் துணியால் துடைத்தாள்.

"குமிழி எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும். நாலு வருஷமாத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல. ஆனா இப்ப உத்தரவு வந்திருக்கு. பனி உடையறதுக்குள்ள முடிக்கலேன்னா கப்பலை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுடுவாங்க. அப்ப அவரும் வெளிய வந்துதானே ஆகணும்?"

"முடிச்சா மட்டும்? அவரை இறக்கிவிடுவீங்க."

"இறக்க மாட்டேன். அவர் தளத்தோட தீக்காவலரா, கப்பலோட கழற்ற முடியாத சாதனமான்னு கேட்டு எழுதியிருக்கேன். சாதனம்னு பதில் வந்துடுச்சு."

அவள் பற்றுக்கோலைக் கீழே வைத்துவிட்டு நான்காம் அறைக்குப் போனாள். மதியச் சங்கு ஊத இன்னும் நேரம் இருந்ததால் ரொதியோன் வியப்போடு பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், குமிழிகளையும் சேர்த்து. அவன் வெகுநேரம் சிரித்தான், பிறகு இருமினான்.

"ஆறாம் நிலை வெல்டர் வேணும்னே கெட்ட பற்று போட்டியா? பத்து வருஷமா? எனக்காகவா?"

"பின்ன யாருக்காக? கிளிமுக்காகவா?"

"ஒழுங்காப் போடு காபா. அந்தப் பையனுக்குத் தலை நரைக்குது."

"கடலுக்குப் போனா இந்த அறை எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவள் நாலு நாள் அவனோடு பேசவில்லை. சூப்பை ஏணியின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் மீதமிருந்த பதினேழு பற்றுகளையும் போட ஆரம்பித்தாள். பதினேழு படங்களிலும் ஒரு புள்ளி இல்லை. கிளிம் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டார். மே மாதம் கப்பலை நீரில் இறக்கினார்கள். ஜூலை தொடக்கத்தில் 'நீர்நாய்' வெள்ளைக் கடலுக்குப் பத்தொன்பது நாள் சோதனைப் பயணம் போனது. பத்தொன்பது நாளும் ஆழத்திலேயே ஓடியது. முதல் தடவை மூழ்கியபோது மிரோன் தன் பெண்ணின் பெயரைச் சத்தமாகச் சொன்னான் என்று மாலுமிகள் பின்னால் சொன்னார்கள். ஒலிக்கருவியிலிருந்து நான்காம் அறைக்கு ஒரு கம்பி இழுத்து ரொதியோனுக்கு மிரோன் ஹெட்போன் கொடுத்திருந்தான். ஒரு வெள்ளைத் திமிங்கிலக் கூட்டத்தைக் கருவிக்கு நாற்பது நொடி முன்னால் கண்டுபிடித்தது ரொதியோன்தான். அது பயணப் பதிவில் சாதனத்தின் பெயரில் ஏறியிருக்கிறது.

திரும்பி வந்த கப்பலில் எழுபது குறைகள் இருந்தன. திருத்த ஒரு மாதம் என்றார்கள். ஒரு மாதம் என்றால் என்ன என்று எங்கள் ஊருக்குத் தெரியும். காபா சூப்போடு இறங்கினாள். ரொதியோன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் கன்னமெல்லாம் பத்தொன்பது நாள் தாடி.

"அடியில போனா இங்கயும் நாள் நடக்குது காபா. மேல வந்ததும் மறுபடி நின்னுடுச்சு."

"அப்ப மேலயே இரு. இது இனிமே எங்க போகப்போகுது? இன்னும் பத்து வருஷம் சுவரோரமா நிக்கும். நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துப்பே. நான்தான் எதையும் பாக்க மாட்டேன்."

"வெளிய வந்தா எழுபது நாள்தான் ரோத்யா. மூணு மாசத்துல பத்தொன்பது போயிடுச்சு. எழுபதே நாள்." அவள் கையிலிருந்த சூப் தரையில் சிந்தியது. "உனக்காக என் பேரைக் கெடுத்துக்கிட்டேன்."

"தாடி வளந்துச்சு," என்றான் அவன். "அரிச்சுது. பசிச்சுது. ஒரு நாள் சமையல்காரன் கஞ்சியில உப்பு போடலேன்னு சண்டை போட்டேன். நல்லா இருந்துச்சு காபா. உன்கூட வீட்ல அப்படி எழுபது நாள் இருக்கணும்."

அவள் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு தரையைத் துடைத்தாள், தலையணையை எடுத்துக்கொண்டாள். அவன் பாதி ஏணியில் மூச்சுக்கு நின்றபோது பின்னாலிருந்து முதுகைத் தாங்கிக்கொண்டாள். மேல்தளத்தில் வெயில் இருந்தது. மிரோனும் மாலுமிகளும் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். சாதனம் கழற்றப்பட்டது என்று ஒரு தாள் எழுத வேண்டியிருந்தது, கிளிம் எழுதினார்.

அந்த ஆகஸ்டில் ஊரார் அவர்கள் இருவரையும் சதுப்பில் பார்த்தார்கள். அவன் ஒரு கட்டையில் உட்கார்ந்து எங்கே பழம் இருக்கிறது என்று கையைக் காட்டுவான், அவள் அவனைத் திட்டிக்கொண்டே வேறு பக்கம் பறிப்பாள். செப்டம்பரில் தோட்டத்து உருளைக்கிழங்கைத் தோண்டினார்கள். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைப் பற்றி அவன் நகராட்சிக்கு இரண்டு புகார் எழுதினான். அக்டோபர் நாலாம் தேதி, மருத்துவர் சொன்னதைவிட ஐந்து நாள் கூடுதலாக இருந்து, காலைத் தேநீருக்குப் பிறகு ஜன்னலோரத்தில் இறந்தான். கல்லறையின் இரும்புவேலியைக் காபாவே பற்றவைத்தாள். கிளிம் போய்ப் பற்றுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

'நீர்நாய்' மறுவருஷம் படையில் சேர்ந்தது. ஒரு மாதம் பதினொரு மாதமாகத்தான் நீண்டது. நான்காம் அறையில் கழிக்கும் நேரம் பணிக்காலத்தில் சேருமா என்று மாலுமிகள் தலைநகருக்கு எழுதிக் கேட்டார்கள். கடலில் இருந்தால் முழுசாகவும் கரையில் இருந்தால் பாதியாகவும் சேரும் என்று பதில் வந்தது. கரையில் நிற்கும்போது அங்கே மாவு பொங்குவதில்லை என்பதால் சமையல்காரர் மட்டும் தன் பாத்திரத்தை ஐந்தாம் அறைக்கு மாற்றிக்கொண்டார். மற்றபடி அந்த அறையைப் பற்றி யாருக்கும் குறை இல்லை.