பிறந்த வருடம்

திருமணப் பதிவு அலுவலகத்தில் மூன்றாவது மேசை அவளுடையது. வருகிறவர்களின் வயதுச் சான்றைச் சரிபார்த்து, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டு நான்காவது மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். அங்கே முத்திரை விழும். வயது போதாது என்று அவள் திருப்பி அனுப்பிய ஜோடிகள் ஏராளம். "கல்யாணத்தைக் கெடுக்கிறதுக்குன்னே சம்பளம் வாங்குற ஒரே ஆள் நீங்கதான் மேடம்" என்பார் நான்காவது மேசைக்காரர். வாய் நிறையச் சிரிப்பவர். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர்.

அவளுடைய அண்ணன் மகள் பள்ளிவிட்டதும் அங்கே வந்து, அத்தை கிளம்பும்வரை பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக் கணக்குப் போடுவாள். ஒருநாள் வாசல் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து சத்தமாகக் கேட்டாள்: "அத்தை, 'திருமனப் பதிவு'ன்னு எழுதியிருக்கு. மூணு சுழி எங்க போச்சு?" அலுவலகமே சிரித்தது. அன்றிலிருந்து நான்காவது மேசைக்காரர் அவளை மூணுசுழி என்றே கூப்பிட்டார். வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

மூணுசுழிக்குப் பதினைந்து முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தபோது, அண்ணன் ஒரு காகித உறையோடு தங்கையின் வீட்டுக்கு வந்தான். மரச்சாமான் பட்டறையில் மேஸ்திரி அவன். விரல் இடுக்கில் எப்போதும் வார்னிஷ் கறை இருக்கும். உறைக்குள் மகளின் வயதுச் சான்று. அதில் அவளுக்குப் பதினெட்டு.

"முதலாளி தன் தங்கச்சி மகனுக்குக் கேக்குறாரு. நல்ல பையன். வெள்ளிக்கிழமை பதிவு."

"அண்ணா, இவ பிறந்தப்ப ஆஸ்பத்திரியில ஃபாரம் எழுதிக் கொடுத்தவ நான். எங்கிட்டயே இதைக் கொண்டுவந்து நீட்டுறியே?"

"உங்கிட்டதானே நீட்ட முடியும்? ஒரு கையெழுத்துதானே."

"அவ கணக்குல முதல் ஆளு. மூணு வருஷம் விட்டுப் பிடியேன்."

"விட்டா? பக்கத்துத் தெருப் பொண்ணு எவனோடயோ ஓடிப்போன மாதிரி போயிடும். இல்ல, உன்னை மாதிரி ஒத்தையா ஒரு ரூம்ல கெடக்கும்."

எட்டாம் வகுப்போடு அவன் பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போனதால்தான் அவள் படித்தாள். அதை அவன் இதுவரை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. அன்று சொன்னான்.

"நான் நின்னதாலதான் நீ அந்த நாற்காலியில உக்காந்திருக்க. மறந்துடாத."

"மறக்கல. ஆனா கையெழுத்துப் போடமாட்டேன்."

வியாழக்கிழமை மாலை மூணுசுழி வந்தாள். வழக்கமாக வாய் ஓயாதவள், பெஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ போடமாட்டேதானே, அத்தை?"

"போடமாட்டேன்."

"அப்ப நடக்காது" என்றாள் அவள். முகம் தெளிந்துவிட்டது. புத்தகத்தைத் திறந்து கணக்குப் போட ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பதிவாளர் கூப்பிட்டார். நீதிமன்றத்தில் ஒரு கோப்பை நேரில் கொடுத்து ரசீது வாங்கி வரவேண்டும், வேறு ஆளில்லை என்றார். அங்கே வாங்குகிற ஆள் சீட்டில் இல்லை. வராந்தாவில் இரண்டு மணி நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது நான்காவது மேசைக்காரர் தலை நிமிரவில்லை. பதிவேட்டைத் திறந்தாள். அவள் கையெழுத்து இருக்கவேண்டிய ஓரத்தில் 'பொறுப்பு' என்று எழுதி அவர் கையெழுத்திட்டிருந்தார். கீழே மூணுசுழியின் கையெழுத்து, பள்ளி நோட்டில் போடுவதுபோல முழுப்பெயர், அச்சடித்த மாதிரி.

"குடும்ப விஷயம் மேடம்" என்றார் அவர். "உங்க அண்ணன் அழுதாரு. பேப்பர் சரியாத்தானே இருந்துச்சு?"

"அவ ஏதாவது சொன்னாளா?"

அவர் முத்திரைக் கட்டையைத் துடைத்தார். "அத்தை எங்கன்னு கேட்டுச்சு."

அவள் பதிவாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். அது மேசை மேசையாக அலைந்து அவளிடமே திரும்பி வந்தது. அதன்பிறகு நீதிமன்றத்துக்குப் போனாள். சொந்த அண்ணன் மேலேயே வழக்கா என்று உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் காறித் துப்பினார்கள். அண்ணி தெருவில் எதிர்ப்பட்டு, "எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று கத்திவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரிப் பிறப்புப் படிவத்தைத்தான் அவள் ஆதாரமாகக் கொடுத்திருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தூக்கிக் காட்டினார்.

"இது யார் எழுத்து?"

"என் எழுத்துதான். எங்க அண்ணனுக்கு ஃபாரமெல்லாம் எழுத வராது, அதனால—"

"புகார் கொடுத்தவரே எழுதின காகிதம். வேற கேள்வி இல்லை."

பிரசவ வார்டின் பதிவேட்டைத் தேடச் சொல்லி உத்தரவு வாங்க ஐந்து மாதம். ஆஸ்பத்திரி நிலவறையில், ஈரத்தில் உப்பிப்போன கட்டுகளுக்கு நடுவே அதைத் தேடியெடுக்க இன்னும் மூன்று மாதம். தேதி இருந்தது, நர்ஸின் கையெழுத்து இருந்தது. வழக்குப் போட்ட பதினோராம் மாதம் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அதற்குள் மூணுசுழி கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்திருந்தாள். சின்ன உடம்பு தாங்கவில்லை என்றார் டாக்டர். அப்பா வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அவள் நீதிபதியிடம் சொல்ல, அத்தையோடு அனுப்பினார்கள். ஒரு பை நிறையத் துணியோடு வந்தாள். மூன்று நாள் தூங்கினாள்.

பள்ளியில் தலைமையாசிரியை தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசினார். "எனக்கு ஆட்சேபனையே இல்லம்மா. ஆனா மத்த பொண்ணுங்க ஏதேதோ கேப்பாங்க. அவங்க அம்மா அப்பா எங்கிட்ட வந்து நிப்பாங்க. தனித்தேர்வா எழுதட்டுமே?" அத்தை சட்டம் பேசினாள். மூணுசுழி எழுந்து, "வா போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் ஒருமுறை வந்தான். மாடி ஏறவில்லை. கீழே நின்று மகளைக் கூப்பிட்டான். அவள் போகவில்லை. அத்தை இறங்கிப் போனபோது, "நல்ல கைம்மாறு பண்ணிட்ட" என்றான். குரலில் கோபமில்லை. பட்டறையில் அவனை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள். அவளுக்கு அவனை உட்காரச் சொல்லத் தோன்றியது. சொல்வதற்குள் தெருமுனை திரும்பிவிட்டான்.

தீர்ப்புக்குப் பிறகு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: வயதுச் சான்று மட்டும் போதாது, பிரசவப் பதிவேட்டின் நகலும் வேண்டும். நான்காவது மேசைக்காரருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். புது விதியில் அந்த வருடம் ஆறு பெண்களின் பதிவு நின்றது. ஒரு மாலை அத்தை வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைச் சொன்னாள். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூணுசுழி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஆறு பேரா?" என்றாள். "அதுல நான் இல்லையே, அத்தை."

அத்தை குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"அன்னைக்கு நீ போகாம இருந்திருக்கலாம். கோப்பு கொண்டு போக மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் அத்தை. "தோணல."

சாப்பாடு எடுத்து வைத்தாள் மூணுசுழி.

இப்போது அவள் காலையில் ஒரு அச்சகத்தில் புத்தகம் தைக்கப் போகிறாள். சாயங்காலம் நகராட்சிக் கூடத்தில், தன் அம்மா வயதுப் பெண்களோடு தனித்தேர்வு வகுப்பு. முதல் தடவை கணக்குத் தேர்வில் அரைமணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டாள். பக்கத்து அறையில் யாரோ கைக்குழந்தையைக் கொண்டுவந்திருந்தார்களாம், அது அழுதுகொண்டே இருந்ததாம். மற்ற பாடங்களில் தேறிவிட்டாள். கணக்கை மட்டும் இந்த வருடம் மறுபடி எழுதுகிறாள்.