மாமாக்கள் தீர்ந்த பிறகு

ஏழு வருடத்தில் நான்கு வேலை பார்த்தேன். நான்கு உறவினரைக் கொன்றேன்.

பதறவேண்டாம், எல்லாம் ஃபோனில்தான். படுக்கையை விட்டு எழவே முடியாத காலைகளில் ஆபீசுக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் என்றால் ஒரு நாள் தருவார்கள், வயிற்றுவலி என்றால் அரை நாள். எனக்கு வேண்டியிருந்ததோ மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம். சாவுக்கு மட்டும்தான் அவ்வளவு மரியாதை. வங்கிக்காகத் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொன்ன காலத்தில் பெரியப்பா போனார். பார்சல் கிடங்கில் இருந்தபோது பெரிய மாமா போனார், இரண்டு மாதம் கழித்துச் சின்ன மாமா. பள்ளிக்கூட அலுவலகத்தில் சித்தி. நாலாவது இடத்தில் யாரையும் கொல்லவில்லை. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து, ரொம்ப அன்பாக, "நீங்க முதல்ல நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். அந்த ரெஸ்ட் பதினான்கு மாதம் நீண்டது.

அம்மாவும் அப்பாவும் நிஜமாகவே போய்விட்டவர்கள். அவர்களை இன்னொரு தடவை சாகடிக்க எனக்கு மனசு வரவில்லை. மிச்சம் இருப்பது அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன்னால் உட்கார்ந்து பேர் எழுதுகிறவள். நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒரு அறையில் அக்கா, இன்னொன்றில் நானும் என் கட்டிலும். கட்டில் என்று தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தப் பதினான்கு மாதத்தில் எனக்கும் அதற்கும் இருந்த உறவு வேறு யாரோடும் இல்லை.

அக்கா தினமும் வேலை விளம்பரங்களை வெட்டிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைப்பாள். "சுறுசுறுப்பான, எப்போதும் சிரித்த முகமுள்ள" என்று ஆரம்பிப்பதையெல்லாம் அவளே கிழித்துப் போட்டுவிடுவாள். ஒருநாள் ஒன்றே ஒன்று மட்டும் இருந்தது. "இதுல சிரிக்கணும்னு எழுதலடா" என்றாள்.

அது ஒரு சலவை ஆலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாகத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு அனுப்பும் இடம். அங்கே கண்ணாடி மேல்பலகை போட்ட நீள மேசை ஒன்று உண்டு. கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட் எரியும். விரிப்பை அதன்மேல் இழுத்துக்கொண்டே போனால் ஓட்டை, கிழிசல், நைந்துபோன இடம் எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். தெரிந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு போட்டுத் தையலுக்குத் தள்ளவேண்டும். அவ்வளவுதான் வேலை. பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கும், அதனால் காலையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. குறை கண்டுபிடிப்பதில் நான் கைதேர்ந்தவன். இத்தனை காலமும் அந்தத் திறமையை என்மேலேயே வீணடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொல்லும்போதே பயமாக இருக்கிறது. மூன்று மாதம் சோதனைக்காலம், அதற்குப் பிறகுதான் நிரந்தரம். போனால் போகட்டும் என்று விடமுடியாத முதல் வேலை அது.

சூப்பர்வைசருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவரைக் "கஞ்சி மேடம்" என்பார்கள். கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பு. நடக்கும்போது மட்டும் முழங்கால் வலியில் கொஞ்சம் மடங்குவார். செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அவர் சட்டம். அதனால் அக்கா நாலு மணி டீ நேரத்தில் அவருடைய மேசை ஃபோனுக்குத்தான் கூப்பிடுவாள். அவர் எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் ரிசீவரை என்னிடம் நீட்டுவார்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"மாத்திரை?"

"போட்டேன்."

"சரி, வை."

தினமும் இதே ஐந்து வரிதான். நான் உயிரோடு இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிடுகிறாள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசி ஒப்பேற்றிவிடுவோம்.

டீ நேரத்தில் துணி மடிக்கும் பெண்கள் இரண்டு பேர் என்னை வம்புக்கு இழுப்பார்கள். பேசுவதற்கு என்னிடம் வேறு சரக்கு ஏது? அக்காவைப் பற்றித்தான் சொல்வேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "யாரும் இல்ல, ஒரே ஒரு அக்கா" என்றேன். அந்த ஒரு வரியால் என் வம்சத்தையே நான் காலி செய்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது மாதக் கடைசியில் அது வந்தது. ஏன் வந்தது என்று கேட்காதீர்கள், டாக்டரும் கேட்டுப் பார்த்துவிட்டார். காலையில் கண் திறந்தேன், உடம்பு திறக்கவில்லை. அக்கா ஒன்பது மணிக்குக் கிளம்பிப் போனாள். நான் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். சுவரில் ஒரு ஆணி இருக்கிறது, எதையும் மாட்டாத ஆணி. பதினொன்றரை மணிவரை அதையே பார்த்தேன். "இன்னைக்கு முடியல" என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். அவளிடம் மட்டும் நான் பொய் சொன்னதில்லை. பிறகு ஆலைக்கு ஃபோன் போட்டேன்.

"மேடம், மூணு நாள் லீவு வேணும்."

"என்ன காரணம்?"

பெரியப்பா, மாமா, சித்தி என்று வாயில் வரிசையாக வந்து நின்றார்கள். ஒரே ஒரு அக்கா என்று சொன்னவனுக்கு மாமா எங்கிருந்து வருவார்? முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த அன்பான மேனேஜர் கதவைச் சாத்தியது நினைவுக்கு வந்தது.

"எங்க அக்கா தவறிட்டாங்க."

"எப்போ?" என்றார் கஞ்சி மேடம், கஞ்சியே இல்லாத குரலில்.

"காலையில. தூக்கத்துலயே."

ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். பொய் சொன்னதற்காக என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவள் நிஜமாகவே போய்விட்டால் எப்படி இருக்கும் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் நான் இன்னும் எழவில்லை என்று அக்கா கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். பதினோரு மணிக்கு மணி அடித்தது. ஷிஃப்டுக்கு முன்னால் துக்கம் விசாரித்துவிட்டுப் போகலாம் என்று கஞ்சி மேடமும் மடிக்கும் பெண்கள் இருவரும் நாலு மாடி ஏறி வந்திருந்தார்கள். கையில் ஒரு பை ஆப்பிள். என் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் இருந்தபடியே எல்லாம் கேட்டது.

"வாங்க, யாரு வேணும்?" இது அக்கா.

"தம்பியோட வேலை பாக்கறவங்க. அவங்க அக்கா போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டோம்."

பல் டாக்டரிடம் வலியோடு வருகிறவர்களைப் பதினெட்டு வருடமாகச் சமாளிக்கிறவள், சட்டென்று சுதாரித்துக்கொண்டாள்.

"ஆமாங்க. நான் பெரியப்பா பொண்ணு. விஷயம் கேட்டு ஓடி வந்தேன். உள்ள வாங்க, உக்காருங்க."

நான் கொன்ற பெரியப்பாவுக்கு அன்று ஒரு மகள் பிறந்தாள்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். "அவரு வாயத் திறந்தாலே அக்காதாங்க" என்றாள் மடிக்கும் பெண்களில் ஒருத்தி. "கையைக் கூடத் தூக்க முடியாம கிடந்தப்போ நகம் வெட்டி விட்டாங்களாமே. குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நின்னு பேசிக்கிட்டே இருப்பாங்களாம். வெளியூர்ல பெரிய வேலை வந்தும் தம்பிக்காகப் போகலையாம். ஒரு நாள் கூட 'ஏன்டா இப்படி இருக்கே'ன்னு கேட்டதில்லையாம். சொல்லிச் சொல்லி உருகுவாரு. இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும்?"

அப்புறம் அக்காவின் விம்மல் கேட்டது. அது நடிப்பு இல்லை. அவர்கள் மூன்று பேரும் அவளைத் தேற்றினார்கள். கஞ்சி மேடம் என் அறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை. துக்கக்காரனுக்கு வேண்டிய லட்சணம் எல்லாம் என்னிடம் இருந்தது. ஆப்பிள் பையை உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் இறங்கிப் போனதும் அக்கா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படிடா செத்தேன்?"

"தூக்கத்துல."

"கஷ்டப்படலியே?"

"இல்ல."

"அது வரைக்கும் நல்லது." ஆப்பிளைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எத்தனையோ பேர் இருக்க, என்னை ஏன்டா?"

"வேற யாரும் இல்லக்கா."

அவள் தலையாட்டினாள். "நகம் வெட்டினதெல்லாம் ஊருக்கே சொல்லியிருக்கே. என்கிட்ட ஒரு தடவை சொன்னதில்ல" என்றாள். அதையெல்லாம் கேட்க அவள் சாகவேண்டியிருந்தது.

நாலாம் நாள் வேலைக்குப் போனேன். எல்லோரும் நல்லவிதமாக நடந்துகொண்டார்கள், அதுதான் பொறுக்க முடியவில்லை. ஒருத்தி வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்தாள். "யாரும் இல்லன்னு நினைக்காதீங்க" என்றாள் இன்னொருத்தி. அக்கா சொல்கிறாள், அக்கா செய்கிறாள் என்று வாய் தவறி வந்துவிடுமோ என்று டீ நேரத்தில் பேசுவதையே விட்டேன். நாலு மணிக்கு எல்லோர் கண்ணும் மேசை ஃபோன் பக்கம் ஒருமுறை போய்த் திரும்பும். அது அடிக்கவில்லை. செத்தவள் எப்படி ஃபோன் பண்ணுவாள்?

அந்த ஒரு மாதத் தனிமையைப் போல ஒன்றை அந்தப் பதினான்கு மாதக் கட்டிலில் கூட நான் பார்த்ததில்லை. வீட்டில் அக்கா இருந்தாள். ஆனால் பன்னிரண்டிலிருந்து எட்டுவரை எனக்கு உலகத்தில் ஒருவரும் இல்லை. கண்ணாடி மேசைமேல் விரிப்பு விரிப்பாக இழுப்பேன். நாலு மணியானால் கை தானாக நின்றுவிடும். மாத்திரை போட்டாயா என்று கேட்க ஆளில்லாமல் இரண்டு தடவை மறந்தே போனேன்.

மூன்றாவது மாதம் முடிந்த அன்று, மூன்றரை மணிக்குக் கஞ்சி மேடம் கூப்பிட்டார். மேசையில் நிரந்தர வேலைக்கான படிவம். பேர், வயது, முகவரி எல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு கட்டம்: அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்.

பேனா நின்றது. வெறுமையாக விடலாம், அவருக்குத்தான் யாரும் இல்லையே என்று விட்டுவிடுவார்கள். பெரியப்பா மகள் என்று கூட எழுதலாம், நம்பர் ஒன்றுதான். எதை எழுதினாலும் வேலை என்னுடையது. அந்த மேசையும் வெளிச்சமும் பன்னிரண்டு மணியும் என்னுடையவை. அக்கா மட்டும் இந்தக் கட்டடத்துக்குள் கடைசிவரை செத்தவளாகவே இருப்பாள்.

அவள் பேரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று போட்டுப் படிவத்தை நீட்டினேன்.

கஞ்சி மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க மேடம். அன்னைக்கு யாரும் சாகல. என்னால எழுந்திருக்க முடியல, அவ்வளவுதான். எனக்கு அப்பப்போ அப்படி ஆகும். மருந்து சாப்பிடறேன். இனிமேலும் ஆகலாம்."

"ரெண்டு மாசம் தினமும் நாலு மணிக்குக் கேட்ட குரல்" என்றார் அவர். "கதவத் திறந்து 'வாங்க'ன்னப்பவே எனக்குத் தெரியும்."

"ஏன் மேடம் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்களான்னு பாத்தேன். இந்த இடத்தை வெறுமையா விட்டுட்டுக் குடுத்திருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்." படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "அடுத்த தடவை முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. துக்கம் கேக்க நாலு மாடி ஏற எனக்கு முட்டி இல்ல."

பிறகு படிவத்தைப் பார்த்து நம்பரைச் சுழற்றி, ரிசீவரை என்னிடம் நீட்டினார். பழையபடியே, ஒரு வார்த்தையும் பேசாமல்.

ஆலையின் நம்பரைப் பார்த்திருப்பாள். குரலை மாற்றிக்கொண்டு, "ஹலோ, நான் அவனோட பெரியப்பா பொண்ணு பேசறேன்" என்றாள் அக்கா.

"அக்கா, நான்தான். சொல்லிட்டேன்."

கிளினிக்கில் யாருக்கோ பல்லை ராவும் சத்தம் பின்னால் கேட்டது.

"அப்போ இனிமே நான் உயிரோட இருக்கலாமாடா?"

"இருக்கலாம்க்கா" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி. சாப்டியா?"